மாஸ்டர் பிளானில் நமக்கும் ஓர் இடம்

விற்பனைக் கையேட்டில் இருக்கும் மனிதர்களுக்கு வியர்ப்பதே இல்லை. பொன்னிறத் தலைமுடிச் சிறுமி ஒருத்தி சைக்கிளில் போகிறாள். பின்னால் காது தொங்கும் நாய். அம்மாவின் கையில் கோப்பி. அப்பாவின் கையில் ஒன்றுமே இல்லை. புறநகர் அப்பா ஒருவர் வெறுங்கையோடு நிற்பதை ரொறன்ரோவில் படத்தில் மட்டும்தான் பார்க்கலாம். நேரில் பார்த்தால் ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டி, மறு கையில் இரண்டாவது வேலைக்கான சீருடை. படத்தில் உள்ள மேப்பிள் மரங்களுக்கு நாற்பது வயதிருக்கும். நிலத்திலோ இன்னும் தண்ணீர்க் குழாயே இறக்கவில்லை. பக்கத்தின் அடியில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் ஒரு வரி: இது ஓவியரின் கற்பனை, மாற்றத்துக்கு உட்பட்டது. முழுக் கையேட்டிலும் கலப்படமில்லாத உண்மை அது ஒன்றுதான்.

இப்படியான கையேடுகளால் விற்கப்படும் ஊர்களில் ஒன்று சீற்றன். ரொறன்ரோவுக்குக் கிழக்கே, பிக்கறிங் மாநகரின் வட பகுதியில், 407 நெடுஞ்சாலையை ஒட்டி எழும்பிக்கொண்டிருக்கும் திட்டமிட்ட புதுநகரம். 70,000 பேர் குடியிருப்பார்கள், 35,000 பேருக்கு அங்கேயே வேலை கிடைக்கும் என்று ஒன்ராறியோ அரசு 2006இல் ஒரு திட்டத்தை வெளியிட்டது. குடியிருப்பவர்கள் வந்துவிட்டார்கள், வந்துகொண்டும் இருக்கிறார்கள். வேலைகள்தான் சொன்ன கணக்குக்கு வந்து சேரவில்லை. வராமலே போய்விட்டன என்று முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. போர்ஷே கார்க்காரர்கள் 2025இல் அந்தப் பக்கம் ஒரு வேகத் தடம் திறந்திருக்கிறார்கள். மாதத் தவணை கட்டிய களைப்பில் இருப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலியோரம் நின்று, அடுத்தவர் எவ்வளவு வேகமாகப் போகிறார் என்று பார்த்து மனம் ஆறலாம்.

வேலைக்கு ரொறன்ரோ பக்கம்தான் போக வேண்டும். விரைவான வழி 407. அந்தச் சாலையை ஒன்ராறியோவின் மைக் ஹரிஸ் அரசு 1999இல் 3.1 பில்லியன் டொலருக்கு, 99 ஆண்டுக் குத்தகையில் தனியாருக்குத் தூக்கிக் கொடுத்தது. பிக்கறிங்கின் புரொக் வீதிக்குக் கிழக்கே உள்ள துண்டு மட்டும் மாகாணத்தின் கையில் இருக்கிறது. 2025 யூன் 1 முதல் அந்தத் துண்டில் கட்டணம் இல்லை. ஆக, சீற்றன்வாசி ரொறன்ரோவை விட்டுத் தூரமாகப் போனால் இலவசம். வேலைக்குப் போனால் காசு. இப்படி ஒரு நகைச்சுவையை எழுதிக் கொடுத்தால் மிகை என்று எந்த ஆசிரியரும் வெட்டிவிடுவார். அரசாங்கத்தை வெட்ட ஆசிரியர் இல்லை.

நிலத்தின் கதையைச் சொல்லாமல் வீட்டின் கதையைச் சொல்ல முடியாது. கையேட்டிலோ அந்த நிலத்துக்கு நேற்றுத்தான் பிறந்தநாள்.

1972 மார்ச் 2ஆம் திகதி, பிக்கறிங்கில் பெரிய விமான நிலையம் கட்டப் போகிறோம் என்று மத்திய அரசு அறிவித்து 18,600 ஏக்கரைக் கையகப்படுத்தியது. பக்கத்திலேயே சீடர்வுட் என்ற புதுநகரம் அமைக்கிறோம், இரண்டு இலட்சம் பேர் வாழ்வார்கள் என்று சொல்லி மாகாண அரசு இன்னும் ஏறத்தாழ 25,000 ஏக்கரை எடுத்தது. கனடாவின் முதல்தர விளைநிலம் அது. தலைமுறை தலைமுறையாக உழுதவர்கள் தங்கள் காணியிலேயே அரசின் வாடகைக்காரர் ஆனார்கள். பலகை அடித்து மூடப்பட்ட பண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. சனங்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1975இல் மாகாணம் பின்வாங்கியதும் விமான நிலையம் நின்றுபோனது. விமானம் வரவில்லை, காணி திரும்பவும் இல்லை. அந்த விமான நிலையம் ஒருநாளும் கட்டப்படாது என்று போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த் அறிவித்தது 2025 ஜனவரி 27ஆம் திகதி. ஏறத்தாழ 53 ஆண்டுகள். அதற்குள், காணி பறிபோனதற்காகக் கத்தியவர்களில் பலரும் பறித்தவர்களில் பலரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

நிலையத்துக்காகக் குறித்த நிலத்தில் 1975இல் அவசர அகழாய்வு ஒன்றும் நடந்தது. ஹியூரன்-வெண்டாட் மக்களின் முழுக் கிராமம் ஒன்று, நீள்வீடு நீள்வீடாக, மண்ணிலிருந்து வெளியே வந்தது. ஆகவே, அந்தப் பகுதியில் திட்டமிட்டு ஊர் அமைத்தவர்களில் முதல் ஆட்கள் அவர்கள்தான். அவர்கள் கையேடு அச்சிடவில்லை.

இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவருக்கு உடம்பில் எங்கோ சுடும் என்று நினைக்கிறேன். பலாலி விமானத் தளத்தைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் என்று கம்பி போட்டபோது, 1990இல் மயிலிட்டியையும் வசாவிளானையும் விட்டு ஓடிய சனத்தின் பிள்ளைகள் ரொறன்ரோவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. இங்கே ஷெல் விழவில்லை, காசோலை வந்தது. ஒன்ராறியோவின் முதல் ஒம்புட்ஸ்மன் ஆர்தர் மலோனி, வட பிக்கறிங்கில் காணி எடுத்த விதத்தை விசாரிக்கவாவது செய்தார். ஆனால் விமானத் தளத்தின் பேரில் பரம்பரை வளவை இழந்தவரின் மகன், விமான நிலையத்தின் பேரில் நடந்த வேட்டையில் இன்னொருவரிடமிருந்து பிடுங்கிய வயலில் வீடு வாங்குகிறார். அதற்கு மில்லியன் டொலர் கொடுக்கிறார். இதில் அவர் குற்றவாளி அல்ல. அவருக்கு அதைச் சொல்லாமல் விற்கிறார்களே, அவர்கள்தான் குற்றவாளிகள்.

பொதுத் தேவைக்கு என்று எடுத்த நிலம் பில்டர்களிடம் எப்படிப் போனது? அதற்கும் ஒரு நல்ல காரியத்தின் பெயர் இருக்கிறது. ரிச்மண்ட் ஹில் வழியாகப் போகும் ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் என்ற மேட்டுநிலம், பல ஆறுகளின் ஊற்று. அதில் வீடு கட்டப் புறப்பட்டவர்களைத் தடுக்கச் சனம் எழும்பியது. தடுத்த அரசு, கட்டப் புறப்பட்டவர்கள் நட்டப்படக் கூடாதே என்று, மாற்றுக் காணியாகச் சீற்றன் நிலத்தைக் கொடுத்தது. 1970களில் விவசாயியிடம் பொதுநலத்தின் பேரால் எடுத்த வயல், 2000களில் பொதுநலத்தின் பேராலேயே தனியார் கைக்கு மாறியது. பொதுநலம் இரண்டு தடவை வென்றது. பொதுசனம் எந்தத் தடவையும் வெல்லவில்லை.

சரி, அது பழங்கதை. புதுக்கதைக்கு வருவோம்.

சீற்றனுக்கு மேற்குப் பக்கத்திலேயே டஃபின்ஸ் ரூஜ் விவசாயப் பாதுகாப்பு நிலம் இருக்கிறது. இங்கே பயிர் தவிர வேறெதுவும் எழும்பாது என்று 2005இல் தனிச் சட்டமே போட்டார்கள். அதே ஆண்டில் ரொறன்ரோ பெரும்பாகத்தைச் சுற்றி கிறீன்பெல்ற் என்ற பசுமை வளையமும் வந்தது. கட்ட முடியாத நிலம் என்பதால் விலை மலிவு. ஆனாலும் சில பில்டர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெள்ளரிக்காய் நடுவதற்காக என்றுதான் நாம் நம்ப வேண்டும்.

2022 செப்டெம்பரில் கட்டுமானத் துறையின் விருந்து ஒன்று. அங்கே வீடமைப்பு அமைச்சரின் தலைமை அலுவலரிடம் இரண்டு பெரும் பில்டர்கள் கோப்புகளைக் கொடுத்தார்கள். எந்தெந்த நிலத்தை வளையத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற விவரம் அதில் இருந்தது. அடுத்த சில வாரங்களில் 7,400 ஏக்கரை விடுவிக்கும் அறிவிப்பு வந்தது. அதில் பெரும் பங்கு அந்த டஃபின்ஸ் ரூஜ் நிலம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தையே டிசெம்பரில் அடித்து நீக்கினார்கள். கிறீன்பெல்ற்றைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்த முதலமைச்சர் டக் ஃபோர்ட்டின் அரசு செய்த வேலை இது. 2023 ஓகஸ்டில் கணக்காய்வாளர் நாயகம் பொனி லைசிக் அறிக்கை வெளியிட்டார்: குறிப்பிட்ட சில பில்டர்களுக்குச் சாதகமாகத் தெரிவு நடந்திருக்கிறது, அந்த நிலச் சொந்தக்காரர்களின் சொத்து மதிப்பு 8.28 பில்லியன் டொலரால் ஏறக்கூடும். இத்தனைக்கும் வீடு கட்ட இந்த நிலம் தேவைப்படவே இல்லை. நிலத் தட்டுப்பாடு அல்ல பிரச்சினை என்று, ஃபோர்ட் அரசே நியமித்த வீடமைப்புக் குழு 2022 பெப்ரவரியிலேயே சொல்லியிருந்தது.

2022இல் முதலமைச்சரின் மகளின் கலியாணத்துக்கு முந்திய விருந்தும் நடந்தது. நுழைவுச் சீட்டு 150 டொலர். வந்தவர்களில் பில்டர்களும் இருந்தார்கள் என்பது பின்னர் செய்தியானது. மொய் எழுதும் வழக்கம் தமிழனிடம் மட்டும் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நேர்மை ஆணையர் முதலில் பார்த்துவிட்டு அதில் விதிமீறல் இல்லை என்றார், ஆகவே இல்லை. ஆனால் கிறீன்பெல்ற் விடயத்தில் வீடமைப்பு அமைச்சர் ஸ்டீவ் கிளார்க் நேர்மைச் சட்டத்தை மீறினார் என்று அதே ஆணையர் அறிவித்தார். கிளார்க் 2023 செப்டெம்பர் 4ஆம் திகதி பதவி விலகினார். 21ஆம் திகதி ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டு நிலத்தை வளையத்துக்குள் திருப்பிப் போடுவதாக அறிவித்தார். ஒக்டோபரில் மத்திய பொலிஸான ஆர்சிஎம்பி விசாரணை தொடங்கியது. அந்த ஆளுங்கட்சி வரிசையில் தமிழ் உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தைப்பொங்கல் மேடைகளில் உழவர் பெருமை பேசுகிறவர்கள் அவர்கள்.

இந்தக் கூத்தின் மறுமுனையில் இருப்பவர் நம்முடைய அண்ணர். அவரிடம் கோப்பு இல்லை, விருந்து இல்லை. அவருக்கு இருப்பது சனிக்கிழமை காலை, விற்பனை அலுவலகத்தின் வாசலில் ஓர் இடம். சில இடங்களில் அந்த இடத்துக்காக இரவு முழுக்கக் காருக்குள் ஹீற்றர் போட்டுக் கிடந்தார்கள்.

உள்ளே மாதிரி வீடு. இரவல் நகை போட்டுப் பெண் பார்க்கும் சடங்குக்கு நிறுத்தியதுபோல் அது நிற்கும். அறைகளுக்குக் கதவு மாட்டியிருக்க மாட்டார்கள். கதவில்லாத அறை பெரிதாகத் தெரியும். கட்டிலும் மேசையும் ஒரு சுற்றுச் சின்னது. அடுப்பில் ஏதோ பேக் ஆகிற வாசம். சமையலறைக் கல், கைப்பிடி, தரைப் பலகை எல்லாமே மேலதிகக் கட்டணத்தில் வருபவை. விலைப் பட்டியலில் உள்ள விலைக்குக் கிடைக்கும் வீட்டை அந்த அலுவலகத்தில் யாருமே காட்டுவதில்லை. அண்ணர் கேட்பது ஒன்றேதான்: பேஸ்மென்றுக்குத் தனி வாசல் வருமா? மாதிரி வீட்டின் வரவேற்பறையை அவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. தான் வாழப்போகும் மாடியைவிட, வாடகைக்கு விடப்போகும் நிலவறைதான் இந்த வீட்டைத் தாங்கும் என்று அவருக்குத் தெரியும்.

“அண்ணை, இண்டைக்கு விட்டா இந்த விலைக்குப் பிறகு இல்லை. அடுத்த ரிலீசுக்கு அம்பதாயிரம் ஏத்துறாங்கள்.”

“வங்கி தருமோ தம்பி?”

“அதைக் குளோசிங் நேரம் பாப்பம் அண்ணை. ரெண்டு வருசம் கிடக்கு. அதுக்குள்ள வீடு ரெண்டு லட்சம் ஏறிடும்.”

நம்பிக்கை கொடுத்தது அந்த முகவர்த் தம்பி மட்டுமல்ல. 2020 யூலையில் கனடா வங்கியின் ஆளுநர் டிஃப் மக்லெம், வட்டி வீதம் நெடுநாளைக்குக் குறைவாகவே இருக்கும், வீட்டுக் கடன் எடுப்பவர்கள் நம்பி இருக்கலாம் என்று பகிரங்கமாகச் சொன்னார். அப்போது வங்கியின் கொள்கை வட்டி 0.25 வீதம். நம்பி இருந்தார்கள். 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகத்தின் சராசரி வீட்டு விலை 13 இலட்சத்து 34 ஆயிரம் டொலரைத் தொட்டது. மார்ச்சில் வட்டி ஏறத் தொடங்கியது. 2023 யூலையில் 5 வீதம். நம்பச் சொன்னவரின் சம்பளத்தில் ஒரு சதம் குறையவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் விற்பனை அலுவலகத்தில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. எட்டு இலட்சம் டொலர் கடன், 25 ஆண்டு. ஒன்றேமுக்கால் வீதத்தில் மாதத் தவணை ஏறத்தாழ 3,300. ஐந்தரை வீதத்தில் ஏறத்தாழ 4,900. இடையில் உள்ள 1,600 டொலர் ஓர் இரவுநேர வேலையின் மாதச் சம்பளம். அந்த வேலைக்கு அண்ணி போகிறார்.

இன்னும் கொடியது குளோசிங், வீடு கைக்கு வரும் நாள். 2022 தொடக்கத்தில் 13 இலட்சத்துக்குக் கையெழுத்து, 1,30,000 முற்பணம். இரண்டு ஆண்டு கழித்து வீடு கட்டி முடிகிறது. வங்கி மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. வீட்டின் பெறுமதி 10 இலட்சம் என்கிறார் அவர். வங்கி அந்தப் பத்தில் 80 வீதம், அதாவது 8 இலட்சம்தான் தரும். 13இலிருந்து முற்பணத்தையும் வங்கிக் கடனையும் கழியுங்கள். 3 இலட்சத்து 70 ஆயிரம் டொலர் ரொக்கமாகக் கொண்டு வா என்கிறது ஒப்பந்தம். சில வாரங்களுக்குள். இல்லையென்றால் முற்பணம் போச்சு. அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தவர்கள் பாவம். பில்டர் அதே வீட்டைக் குறைந்த விலைக்கு வேறு ஒருவருக்கு விற்றுவிட்டு, இடையில் உள்ள வித்தியாசத்தையும் செலவையும் வட்டியையும் கேட்டு வழக்குப் போடலாம். போடுகிறார்கள். ஒன்ராறியோ நீதிமன்றங்கள் வாங்கியவர்தான் கட்ட வேண்டும் என்று தீர்ப்பும் கொடுத்திருக்கின்றன. விலை ஏறியிருந்தால் இலாபத்தில் பாதியை பில்டருக்குக் கொடு என்று எவரும் கேட்கவில்லையே என்று நியாயம் பேச வருகிறார்கள் சிலர். விலை ஏறிய காலத்தில் கட்டுப்படியாகவில்லை என்று வீட்டுத் திட்டத்தையே கைவிட்டு, முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு கூடிய விலைக்குக் கேட்ட பில்டர்களை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

ஒப்பந்தத்தின் இணைப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து வீரகேசரி ஞாயிறு இதழில் தொடர்கதையாகப் போடலாம், அவ்வளவு திகில். பொருட்களை பில்டர் மாற்றலாம். வீட்டைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம்வலமாகத் திருப்பிக் கட்டலாம். குடிபுகும் திகதி ‘உத்தேசம்’, பிறகு இரண்டாவது உத்தேசம், பிறகுதான் உறுதி. அதையும் தாண்டித் தாமதித்தால் வாங்குபவருக்கு நட்டஈடு நாளொன்றுக்கு 150 டொலர், மொத்தம் 7,500க்கு மேல் இல்லை. வாங்குபவர் ஒரு நாள் தாமதித்தால் என்ன என்பது வேறு பக்கத்தில், வேறு தொனியில் எழுதப்பட்டிருக்கும். மாநகர அபிவிருத்திக் கட்டணம் இடையில் ஏறினால் ஏறியது வாங்குபவர் தலையில். மரம் நட்ட காசு, மீற்றர் பூட்டிய காசு, உத்தரவாதத்துக்குப் பதிந்த காசு. பள்ளிக்கூடம் பற்றியும் ஒரு பத்தி உண்டு: பிள்ளைக்கு அருகில் இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை, தற்காலிகக் கொட்டகையிலோ வேறு ஊர்ப் பள்ளியிலோ படிக்க நேரலாம். கையேட்டின் சைக்கிள் சிறுமி எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்பது இப்போது புரிகிறது. ஒன்றுக்கும் போகவில்லை, அதனால்தான் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

தொடர்மாடி வீடு வாங்கினால் கையெழுத்திட்ட பிறகும் பத்து நாள் மனம் மாறலாம். முற்பணம் நம்பிக்கைக் கணக்கில் இருக்கும். நிலத்தோடு கூடிய புதுவீட்டுக்கு 2022இல் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தப் பத்து நாள் இல்லை. அவர்களுடைய முற்பணத்தை நம்பிக்கைக் கணக்கில் வைக்க வேண்டிய கட்டாயமும் பில்டருக்கு இல்லை. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு, ராரியன் என்ற உத்தரவாத நிறுவனம் அப்போது காத்தது விலையில் பத்து வீதம், அதுவும் ஒரு இலட்சம் டொலர் வரை. 13 இலட்சம் வீட்டுக்காரரின் 30,000 டொலர் முதல் நாளிலிருந்தே கடவுளின் பொறுப்பு.

ராரியன் 1976இல் வாங்குபவரைக் காக்க வந்தது. 2019இல் அதையும் லைசிக் கணக்காய்வு செய்தார். பில்டர்களின் சங்கத்துக்கு அங்கே அளவுமீறிய செல்வாக்கு. மேலதிகாரிகளின் ஊக்கத்தொகை இலாபத்தோடு கட்டப்பட்டிருந்தது. குறைபாட்டை அறிவிக்கும் 30 நாள் கெடுவைத் தவறவிட்டவர்களின் ஆயிரக்கணக்கான முறைப்பாடுகள் தள்ளப்பட்டிருந்தன. ஒரே ஒரு நாள் பிந்தியவர்களும் அதில் அடக்கம். இரண்டு ஆண்டு பிந்தும் பில்டருக்கு ஒரு மணிக்கூடு, ஒரு நாள் பிந்தும் வீட்டுக்காரருக்கு வேறு மணிக்கூடு. 2021இல் பில்டர்களுக்கு உரிமம் வழங்கும் வேலையைப் பிரித்து வேறோர் அமைப்பிடம் கொடுத்தார்கள். ஒழுகும் கூரைக்கு இப்போது இரண்டு அலுவலகங்களில் படிவம் நிரப்பலாம்.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போனால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும். நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம். கோயில் தேர்த்திருவிழா மலர், பழைய மாணவர் சங்கத்தின் கலைவிழா, மரண அறிவித்தல் பக்கம், நாட்காட்டி: கழுத்துப்பட்டி கட்டிய முகவரின் சிரிப்பு இல்லாத இடம் தேர்வடம் மட்டும்தான். வாங்கித் தருபவர், கடன் எடுத்துத் தருபவர், சட்டத்தரணி, மதிப்பீட்டாளர் எல்லோரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டால், வாங்குபவரின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? சம்பளம் போதவில்லையா, ஒரு வேலைக் கடிதம் ‘எடுக்கலாம்’ என்று சொன்னவர்கள் உண்டு. சீட்டுக் காசை எடுத்து முற்பணம் கட்டினார்கள். ஊரிலுள்ள காணியை விற்றுக் கட்டினார்கள். தாய்தகப்பனின் அடைத்து முடித்த ஸ்காபரோ வீட்டை மறுபடி ஈடுவைத்துக் கட்டினார்கள். இரண்டாவது வீடு வாங்கி, குளோசிங்குக்கு முன்னமே அசைன்மென்றில் கைமாற்றி இலாபம் பார்க்கலாம் என்று ஆசைகாட்டிய கருத்தரங்குகளில் சோற்றுப் பொட்டலமும் கொடுத்தார்கள். கொமிஷன் வாங்கியவர் யாரும் அந்தக் குடும்பங்களுக்குத் தவணை கட்டவில்லை.

வாங்கியவர்களின் கௌரவமும் சும்மா இருக்கவில்லை. செயின்ற் ஜேம்ஸ் ரவுனின் வாடகைக் கட்டடத்தில் மூன்று குடும்பம் ஒரு வீட்டில் இருந்த காலத்தைப் பற்றிச் சிரித்துச் சிரித்துக் கதைக்கிறோம். இன்று குடிபூரலுக்கு 300 பேரைக் கூப்பிட்டு, பால் காய்ச்சி, வீடியோ எடுத்து, அடுத்த நாளே வரவேற்பறையை மூடி வைத்துவிட்டு இரண்டு பேரும் எதிரெதிர் ஷிப்டுக்குப் போகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரை மனிதராக அறிந்தவர் எத்தனை பேர்? மார்க்கத்தில் வன்னி அவென்யூ என்று ஒரு தெருவுக்குப் பெயர் வைத்தார்கள். வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் வன்னியில் ஒருவர் தன் சொந்தக் காணியில் கிணறு வெட்ட மாநகரத்துக்கும் வங்கிக்கும் பில்டருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

திட்டமிட்ட புறநகர் என்பது ரொறன்ரோவுக்குப் புதிதல்ல. மதுபான, குதிரைப்பந்தய முதலாளி இ. பி. ரெய்லரின் பணத்தில் டொன் மில்ஸ் 1953இல் தொடங்கியது. தொழிற்சாலை, கடைத்தெரு, வாடகை வீடு எல்லாவற்றையும் ஒன்றாக வரைந்தார் இளம் வடிவமைப்பாளர் மக்லின் ஹான்கொக். அங்கே வேலை செய்தவர்களில் பலருக்கு அங்கேயே வீடு எட்டவில்லை என்பது வேறு கதை. வரைந்ததாவது ஒரு ஊர். இப்போது வரைவது தவணை அட்டவணை. அதைச் சுற்றி ஒரு செயற்கைக் குளம்.

சீற்றனில் வீடு வாங்கியவர் முட்டாள் அல்ல. வாடகைக்காரரை ஏதாவதொரு சாக்கில் வெளியே தள்ளக்கூடிய நகரத்தில், பிள்ளைக்கு ஒரு முகவரி வேண்டும் என்று நினைப்பது பேராசையும் அல்ல. அரசு நிலம் எடுத்தது, பில்டருக்குக் கொடுத்தது, வட்டி குறைவாக இருக்கும் என்று அதன் மத்திய வங்கி சொன்னது, பாதுகாப்பை ஒரு இலட்சத்தோடு நிறுத்திக்கொண்டது, சாலையைக் குத்தகைக்கு விட்டது. நட்டம் வந்தபோது மட்டும் அது தனிமனிதரின் முடிவு என்கிறது. இதை விதி என்று சொல்லி ஏற்றுக்கொள்ளும் பழக்கத்தைத்தான் நாம் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கு: முகவர் காட்டும் சட்டத்தரணியிடம் போகாதீர்கள், நீங்களாக ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கையெழுத்துக்கு முன், பின் அல்ல. ஏறும் கட்டணங்களுக்கு ஓர் உச்சவரம்பை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் காரை எடுங்கள். பில்டரின் உரிமமும் பழைய வரலாறும் ஒன்ராறியோவின் பொதுப் பதிவேட்டில் இலவசமாகக் கிடக்கின்றன. ஐந்தரை வீதத்தில் தவணை கட்ட முடியாத வீட்டை ஒன்றேமுக்கால் வீதத்தில் வாங்காதீர்கள். ஜனவரியில் பொங்கல் மேடைக்கு வேட்டி கட்டி வரும் உறுப்பினரிடம் படம் எடுக்க முன், மூன்று கேள்வி கேளுங்கள்: டஃபின்ஸ் ரூஜ் நிலத்தைத் திறந்துவிட்டபோது நீங்கள் எந்தப் பக்கம் கை உயர்த்தினீர்கள்? எங்கள் முற்பணம் முழுவதும் நம்பிக்கைக் கணக்கில் வைக்கப்பட வேண்டும் என்று எப்போது சட்டம் கொண்டுவருவீர்கள்? விலை விழுந்த வீட்டுக்காக ஒரு குடும்பத்தை பில்டர் நீதிமன்றத்துக்கு இழுக்கும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்? பதில் வராவிட்டால் பொங்கலைக் கொடுங்கள், வாக்கைக் கொடுக்காதீர்கள்.